அத்தையின் தோப்புக்கு வந்த வெளியூர் ஈக்கள்

திருவாலங்காட்டில் அத்தையின் மாந்தோப்பில் எட்டுத் தேன்பெட்டிகள் இருந்தன. எட்டும் ஒரே பெட்டியிலிருந்து பிரித்தவை என்பதில் அவருக்குத் தாங்க முடியாத பெருமை. கேட்டவர்களுக்கெல்லாம் பெட்டி கொடுத்துவிட மாட்டார், சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான். "பொட்டியும் பொண்ணும் வெளிய போவக் கூடாது" என்பார். பொண்ணு என்றது என்னை. அவர் மகனுக்கு நான் முறைப்பெண். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் நான் கும்மிடிப்பூண்டியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அத்தை மகன் என்னோடு ஒன்றாக மூக்கொழுகி வளர்ந்தவன். அவனைக் கணவனாக நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வரும். கல்யாணப் பேச்சு நெருங்க நெருங்க அந்தச் சிரிப்பும் நின்றுபோனது. அத்தையிடம் மாட்டேன் என்று சொல்லும் துணிச்சல் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது.

அந்த வருஷம் தேனீக்களுக்கு நோய் வந்தது. அடையிலேயே புழுக்கள் உப்பிச் செத்தன. அத்தையின் பெட்டிகளோடு, அவர் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்த பெட்டிகளும் ஒன்று விடாமல் நோயில் படுத்தன. அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. தேன் வாங்க வரும் பழவேற்காட்டு பாய் பெட்டிகளைத் திறந்து பார்த்தார். "ராணி ஈ வெளிய பறந்துதாம்மா ஜோடி சேரும். இங்க எங்க பறந்தாலும் அதுக்கு மாட்றது அண்ணன் தம்பிதான். எல்லாம் ஒரே ரத்தம், ஒண்ணுக்கு வர்ற சீக்கு எல்லாத்துக்கும் வந்துடும். வெளியூரு பொட்டி நாலு வெச்சிக்கினு பாருங்க."

"என் தோப்புல கண்ட ஈயும் வர்றதா?" என்று அத்தை சண்டைக்கே போய்விட்டார். ஆனால் எட்டில் இரண்டுதான் மிஞ்சின என்றானதும் வேறு வழியில்லாமல் இறங்கி வந்தார். பாய் நான்கு பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார். அதன்பின் பிறந்த ராணிகள் வெளியூர் ஆண் ஈக்கள் பலவற்றோடு சேர்ந்தன. ஒரு கூட்டுக்குள்ளேயே பல தகப்பன்களின் பிள்ளைகள். ஒன்று படுத்தாலும் இன்னொன்று தாங்கியது. அடுத்த வருஷம் நோய் மறுபடி வந்தபோது சில புழுக்கள் செத்தன, பெட்டிகள் பிழைத்தன. அத்தை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

அந்தச் சமயத்தில்தான் நிச்சயத்துக்கு நாள் குறிக்க அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு அங்கே போனார். எனக்கு உயிரே இல்லை. அத்தை காபியைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அண்ணா, ஈக்கு ஒரு நாயம், நமக்கு ஒரு நாயமா? இவளுக்கு வெளியவே பாரு. என் புள்ளைக்கும் நான் வெளியவே பாத்துக்கறேன்."

எனக்கு அத்தையைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்குள் அத்தை மகன், "யம்மா, நீ நல்லா இருக்கணும்!" என்று கத்தியபடி அவரைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.

இப்போது அவனுக்கு இரண்டு பிள்ளைகள், எனக்கு ஒரு பெண். எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கிறது. ஆனாலும், என்னைக் கட்டிக்கொள்ள வேண்டாம் என்றானதற்கு ஒருவன் அவ்வளவு சந்தோஷப்படலாமா? இன்றுவரை எனக்கு ஆறவில்லை.