பயில்வானின் சிக்ஸ் பேக்

சும்மா நிற்கிற குதிரை நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடும்? உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனாலும் இந்தக் கோடையில் ஒரு நாள் காலை, வாக்கிங் போகிற வழியில் நின்று எண்ணினேன். முப்பத்திரண்டு.

எனக்கு ஆஸ்துமா என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அதைப் பற்றிப் புலம்பாத வாரம் குறைவு. துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவன் நான். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிப் பழகிய கண், ரிட்டையர் ஆன பிறகு சும்மா இருக்குமா? என் மூச்சையே எண்ணிக்கொண்டிருக்கிறேன். உட்கார்ந்திருந்தால் பதினெட்டு. மாடி ஏறினால் இருபத்தாறு. அப்படியிருக்க, நின்ற இடத்தில் முப்பத்திரண்டா? பார்த்த எனக்கே நெஞ்சு அடைத்தது.

குதிரையின் பெயர் பயில்வான். பால் வெள்ளை. திருவொற்றியூரில் எங்கள் தெருக்கோடியில் ஏழுமலை வளர்க்கிறார். விசைப்படகில் போகிறவர், கரையில் இருக்கும் நாட்களில் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரையைக் கூட்டிப் போவார். மிச்ச நேரத்தில் ஜிம்.

மூச்சுக் கணக்கை அவரிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே குதிரையின் வயிற்றைத் தட்டிக் காட்டினார். விலா முடிகிற இடத்தில், வரி போட்டதுபோல் நீளமாக ஒரு தசைக்கட்டு.

"இன்னா சார், நீ மூச்ச எண்ணிக்கினு கீற? பாடியப் பாரு. சிக்ஸ் பேக் வெச்சிக்கினு கீறான்."

எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒரு ஜிம் உண்டு. கட்டு உள்ளவனுக்குத் தனி மரியாதை. அது குதிரையாக இருந்தால் மட்டும் குறையுமா? பையன்கள் சட்டையைத் தூக்கி, அதன் வயிற்றோடு தங்கள் வயிற்றை வைத்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பெருமைப்படாதவர் ஒரே ஒருவர் — ஏழுமலையின் மனைவி கஸ்தூரி. கடைசியாகப் போன ஊர்வலத்தில் பயில்வான் இருமிய இருமலில், மேலே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் தலைப்பாகை தெருவில் உருண்டுவிட்டது. பெண் வீட்டார் முகம் சுளித்தார்கள். அதன்பின் யாருமே குதிரையைக் கூப்பிடவில்லை. கடற்கரையில் சவாரி விடும் ஆள் ஒருவர் விலைக்குக் கேட்டு வந்து போயிருந்தார்.

கஸ்தூரியின் தம்பிக்கு ஆவணியில் ராயபுரத்தில் கல்யாணம். அதற்குள் இருமல் நின்றால் மாப்பிள்ளைக்குப் பயில்வான்தான் வாகனம். நிற்காவிட்டால் சவாரிக்காரரிடம் கொடுத்துவிடுவது. கஸ்தூரி சொல்லி, வீட்டில் முடிவாகிவிட்டது. இதைச் சொல்லும்போது, அவ்வளவு பெரிய தோள் உள்ள ஏழுமலையின் குரல் நூலாக இறங்கிவிட்டது. கொடுத்தால் அது நாள் முழுக்க மணலில் ஓட வேண்டும்... அந்த மூச்சோடு.

என் நண்பரின் மகள் பிரேமா கால்நடை டாக்டர். மாதவரத்திலிருந்து, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரை நுழைத்து வந்து சேர்ந்தாள். காய்ச்சல் பார்த்தாள். நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டாள். பிறகு வயிற்றுக் கட்டைத் தடவினாள். ஏழுமலை பாராட்டை எதிர்பார்த்து, தானும் அந்தக் கட்டில் கை வைத்து நின்றார்.

"அண்ணே, இது ஜிம் பாடி இல்ல. உள்ள போன மூச்ச வெளிய தள்ள முடியாம, வயித்தால எக்கி எக்கித் தள்ளியிருக்கான். அதுல ஏறின கட்டு."

ஏழுமலை கையை எடுத்துவிட்டார்.

குதிரைக்கும் ஆஸ்துமா மாதிரி ஒரு நோய் வருமாம். மூச்சுக்குழாயைச் சுற்றி மெல்லிய தசை இருக்கிறது. தூசி ஒத்துக்கொள்ளாவிட்டால் அது இறுகும். வருஷக்கணக்கில் இப்படி இறுகிக்கொண்டே இருந்தால், அந்தத் தசையும் தடித்துவிடும். கையில் தடித்தால் அழகு. குழாயைச் சுற்றித் தடித்தால்? காற்று போகிற வழி சிறுத்துவிடும்.

"அப்போ உள்ளயும் பயில்வானாத்தான் கீறானா?" கேள்வியில் பழைய பெருமை கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

"ஆமாண்ணே. அதான் வில்லங்கமே."

மருந்து கொடுத்தால் இறுக்கம் தளரும், ஆனால் தடிப்பு மாதக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் இறங்கும், முழுசாக இறங்காமலும் போகலாம் என்றாள். தூசி இருக்கும்வரை எந்த மருந்தும் பலிக்காது.

தூசியா? ஆளுக்கொரு திசையில் கை காட்டினோம். ஏழுமலை லாரி போகிற ரோட்டை. நான் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டை. கஸ்தூரி எண்ணூர்ப் புகையை. இங்கே வாழ்கிறவர்களுக்குத் தூசி என்றாலே அது வெளியிலிருந்து வருவதுதான். அதனால்தான் ஏழுமலை, படகுக்குப் போடுகிற தார்பாயைக் கொண்டுவந்து கொட்டகையின் நாலு பக்கமும் இழுத்துக் கட்டியிருந்தார். ஒரு ஈ நுழைய முடியாது. உள்ளே கணுக்கால் உயரத்துக்குக் காய்ந்த வைக்கோல் மெத்தை. தின்னவும் அதே வைக்கோல். அவ்வளவு பாசம்.

பிரேமா தார்பாயில் ஒரு விரல் அளவு ஓட்டை கண்டுபிடித்தாள். அதன் வழியே வெயில் கோடாக விழுந்தது. ஒரு பிடி வைக்கோலை எடுத்து, அந்தக் கோட்டில் வைத்து உதறினாள்.

அடேயப்பா! எண்ணூரே உள்ளே இருந்தது.

நான் இருமினேன். ஏழுமலை இருமினார். மூன்றாவதாகப் பயில்வான், எங்களுக்குப் பதில் சொல்வதுபோல். ரோட்டுப் புழுதி நல்லது என்று அவள் சொல்லவில்லை. ஆனால் இந்தக் குதிரையைக் கொல்வது வைக்கோலின் பூஞ்சணத் தூள்தான், அதையும் மூடிவைத்து ஊட்டுகிறீர்கள் என்றாள்.

தார்பாய் அன்றைக்கே இறங்கியது. கடற்காற்று உள்ளே வந்தது. தரையில் வைக்கோல் போய் ரப்பர் பாய் வந்தது. தீனிக்குப் பச்சைப் புல். அது கிடைக்காத நாட்களில் வைக்கோலை நன்றாக ஊறவைத்துத்தான் போட வேண்டும். ஊறவைக்க அவ்வளவு பெரிய தொட்டிக்கு எங்கே போவது? மீன் போடுகிற ஐஸ் பெட்டி இருந்தது. முதல் நாள் பயில்வான் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வஞ்சிர வாசனையில் வைக்கோல் எந்தக் குதிரைக்குப் பிடிக்கும்? கஸ்தூரி பெட்டியைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்தார். மறுநாள் பயில்வான் தின்றது. குதிரையை விற்கச் சொன்னவர், அது தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

நான் தினமும் போய் எண்ணினேன். இருபத்தெட்டு. இருபத்திரண்டு. ஒரு நாள் மறுபடி இருபத்தாறு... திரும்ப எண்ணினேன், அதேதான். விசாரித்தால், ஏழுமலை கடலுக்குப் போன நாளில் யாரோ நல்லெண்ணத்தில் காய்ந்த வைக்கோலைப் போட்டிருந்தார்கள். மீண்டும் இறங்கியது. ஆடி முடிகிற சமயத்தில் பதினான்கு. நல்ல குதிரைக்கு அதுதான் கணக்காம். வயிற்றுக் கட்டும் கொஞ்சம் மங்கியது. பையன்களுக்கு வருத்தம். ஏழுமலைக்கு இல்லை.

வலிந்து வலிந்து மூச்சு விட்டு வாங்கிய கட்டை நாம் வலிமை என்று நினைத்துவிடுகிறோம். மனிதர்களிடமும் இந்தத் தப்பைச் செய்கிறோமோ?

கல்யாணம் வந்தது. மாப்பிள்ளையின் தோஸ்துகள் ஆயிரம் வாலா சரங்களோடு நின்றார்கள். புகை கூடாது என்பது டாக்டர் உத்தரவு. கஸ்தூரி நடுத்தெருவில் வந்து நின்றார்.

"எவனாவது வெடி வெச்சீங்க... குதிர வூட்டுக்குப் போவும், மாப்ள நடந்து வருவான்."

சரங்கள் மூட்டைக்குள் போயின.

பயில்வான் கிளம்பியது. நான் பின்னாலேயே, அதன் விலாவைப் பார்த்தபடி. ஒரு இருமல் இல்லை. வெகுநாள் கழித்து நெஞ்சு நிறையக் காற்று கிடைத்த குதிரைக்கு ஊர்வலத்துக்கென்று ஒரு வேகம் இருக்கிறது என்பது மறந்துபோயிருக்க வேண்டும். ஏழுமலை கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓட, மாப்பிள்ளை தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, பெண் வீட்டார் ஆரத்தித் தட்டைத் தேடுவதற்குள் மண்டப வாசலுக்கு வந்துவிட்டோம்.

பேண்டு வாத்தியக்காரர்கள்தான் தெருமுனையில் குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டிரம்பெட்காரருக்கு மட்டும் எண்ணினேன் — நாற்பது.