தயிராகிப்போன மருந்து

புனேவுக்கு வந்த முதல் வருடம். தளேகாவில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை, சிஞ்ச்வட்டில் ஒரு குடியிருப்பில் தனி வாசம். வயிற்றுக்குள் போனாலும் ரத்தத்தில் சரியாகச் சேராத மருந்து ஒன்று. அதைக் கொழுப்புக்குள் பொதிந்து அனுப்புவது என் பொறுப்பு. கொழுப்பை உருக்கி, மருந்தைக் கரைத்து, சோப்பு மாதிரியான ஒரு பொருள் சேர்த்த வெந்நீரில் கலந்து, பெரும் அழுத்தத்தில் எந்திரத்துக்குள் செலுத்துவேன். கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடையும். ஆறியதும் அவை மருந்தோடு இறுகிவிடும். திட லிப்பிட் நானோதுகள் என்று பெயர். பார்வைக்குத் தண்ணீர் விட்ட பால்தான்.

கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கப் புட்டிகளில் அடைத்துச் சோதனை அலமாரியில் வைத்தேன்; இரண்டு மாதம் அப்படியே இருந்தது. மூன்றாம் மாதம் புட்டிகளை வெளியே எடுத்து வைத்தேன். கண்ணாடிச் சாமான் கழுவும் அம்மாள் எட்டிப் பார்த்து, "மேடம், தஹீ ஜால" என்று மராத்தியில் சொன்னாள். தயிராகிவிட்டதாம்.

சாய்த்தேன். நகரவில்லை. மைக்ரோஸ்கோப்பில் ஊசி ஊசியாக மருந்து. இறுக இறுகக் கொழுப்பு அதை வெளியே தள்ளியிருந்தது. மேலாளர், "வேற ஃபார்முலா பாருங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஊரிலிருந்து அம்மா ஃபோனில் கூப்பிட்டாள்.

"சாப்ட்டியா கண்ணு? கொரல் ஏன் ஒரு மாதிரி இருக்குது?"

"தூசிம்மா. ரோடு போடறாங்க."

மருந்து பால் மாதிரி திரிஞ்சுபோச்சு என்று சொன்னால், வேற பால் வாங்கிக்க என்பாள்.

இறுகும் கொழுப்போடு கொஞ்சம் எண்ணெயைக் கலந்தால் அது அவ்வளவு நெருக்கமாகப் படியாது, மருந்துக்கு உள்ளே இடம் இருக்கும். அந்த அளவைப் பிடிக்கவே பல வாரங்கள். சனி ஞாயிறு யாரிடமும் பேசாமலே போகும். ஒரு திங்கட்கிழமை லோக்கல் ரயிலில் பக்கத்துப் பெண்ணிடம், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் என்று இந்தியில் சொல்ல வாயைத் திறந்தேன்; குரலே வரவில்லை. செருமிக்கொண்டு மறுபடி சொன்னேன்.

புதுப் புட்டிகள் ஆறு மாதம் தாண்டியும் பாலாகவே ஓடின. மேலாளர் ஒற்றை வரியில் பாராட்டு அனுப்பினார். ஸ்டேஷனில் இறங்கி அரை கிலோ பேடா வாங்கினேன். குடியிருப்பின் கேட்டுக்கு வந்த பிறகுதான், யாருக்குக் கொடுப்பது என்று தோன்றியது. வாட்ச்மேனிடம் நீட்டினேன்.

"கல்யாணம் முடிவாயிடுச்சா மேடம்?" என்று இந்தியில் கேட்டார்.

"இல்லை. ஒரு மருந்து கெடாமல் இருக்கிறது."

"நல்லது" என்று பிள்ளைகளுக்கும் இரண்டு எடுத்துக்கொண்டார். மிச்சத்தை ஒரு வாரம் வைத்து நானே தின்று தீர்த்தேன்.