பட்டாணி வயலில் பொம்மைப் புறாக்கள்

“...வெங்காயம் நடுற மாதிரி எல்லோ வைக்கிறீர் தம்பி! கயிறு பிடிச்ச மாதிரிக் கிடக்கு. புறா மேலால பார்த்துச் சிரிச்சுப்போட்டுப் போகப்போகுது.”

திரும்பிப் பார்த்தேன். பட்டாணி விதைத்த வயலில் நான் குத்தி வைத்த பன்னிரண்டு பிளாஸ்டிக் புறாக்களும் மூன்று வரிசையாக, ஒரே இடைவெளியில் நின்றன. யாழ்ப்பாணத்துத் தோட்டக் கை. கோணலாக வைக்கச் சொன்னாலும் வராது. சொன்ன அண்ணையும் அங்கே வெங்காயம் செய்தவர்தான். முதல் சனிக்கிழமை அவரும் இப்படித்தான் வைத்தாராம். ஒரு புறாகூட இறங்கவில்லையாம்.

“வடிவா வைச்சால் பொய் எண்டு தெரிஞ்சுபோம்” என்றார்.

ஆட்கள் சொல்லும் வசனங்களைப் பொறுக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு. வேறொரு நாளென்றால் இதை ஒரு கிழமைக்குக் கண்டவர்களிடம் எல்லாம் சொல்லித் திரிந்திருப்பேன். அன்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அண்ணை கனடாவில் எங்கள் அஜக்ஸ் வீட்டு பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தவர். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்தபோது வெளிக்கிட்ட அவருடைய மனைவியும் மகளும் வன்னியில் ஒரு கொட்டிலில் இருந்தார்கள். அவர்களை ஸ்பொன்சர் செய்ய, நிரந்தர வேலை இருக்கிறது என்று ஒரு கடிதம் வேண்டும். அதைத் தருவதாகச் சொன்னவர் அஜக்ஸுக்கு வடக்கே பண்ணை வைத்திருந்த வெள்ளைக்காரக் கிழவர். பட்டாணி முளைத்து வரும்வரை புறாக்களிடமிருந்து விதையைக் காப்பாற்றிக் கொடுத்தால் வருடம் முழுக்க வேலை, கடிதமும் உண்டு. துவக்கு கிழவருடையது, சுடுவதும் அவர்தான். பொம்மைகளைக் காட்டிப் புறாவைத் துவக்குக்கு முன்னால் இறக்குவது அண்ணையின் பொறுப்பு. அவருக்கு இங்கிலீஷ் போதாது. அதனால் மொழிபெயர்க்க நான்.

அன்று விடிய, அண்ணை வெளியே காரைச் சூடாக்கிக்கொண்டு நின்றபோது கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. வன்னியிலிருந்து ஆள் கையில் வந்த கடிதத்தை அவருடைய உறவினர் வாசித்தார். அண்ணையின் மனைவி மலேரியாக் காய்ச்சலில் இறந்து இரண்டு கிழமை. நான் ரிசீவரை வைத்துவிட்டுப் போய்க் காரில் ஏறினேன்.

வழி நெடுக அவர் மனைவியைப் பற்றியே பேசினார். கார் ஓடும்போது வேண்டாம், பண்ணையில் சொல்லுவோம் என்று நினைத்தேன். பண்ணைக்கு வந்ததும், பொம்மைகளை வைத்து முடியட்டும் என்று நினைத்தேன்.

அண்ணை என் வரிசைகளைப் பிடுங்கி லாட வடிவத்தில் மாற்றினார்.

“புறா காத்துக்கு முகம் குடுத்துத்தான் இறங்கும். இவையளும் காத்துப் பக்கம் பாக்கவேணும். எல்லாரும் இல்லை, உந்த ரெண்டு பேரும் கோவிச்சுக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பி நிக்கட்டும். உங்கடை வீட்டுச் சாப்பாட்டு மேசை மாதிரி.” ஈரத்தில் மினுங்கிய பிளாஸ்டிக் முதுகுகளில் மண்ணைப் பூசினார். “நடுவில தொடாதையும். வாறவை இருக்க இடம் வேணும் எல்லோ.”

வேலியோரம் மறைப்பு வலையைக் கட்டி, துவக்கோடு வந்த கிழவரும் சேர, அதன் பின்னால் மூவரும் பதுங்கினோம். கொஞ்ச நேரத்தில் ஒரு கூட்டம் வந்தது. ஒருமுறை சுற்றியது. பிறகு சிறகை விரித்தபடி, காற்றை எதிர்த்து, அண்ணை விட்ட அந்த வெறும் இடத்துக்கே நேராக இறங்கியது. கிழவர் சுட்டார். இரண்டு விழுந்தன, மற்றவை கலைந்து பறந்தன.

கிழவர் அண்ணையின் தோளில் ஓங்கித் தட்டினார். என்னைப் பார்த்து, திங்கட்கிழமை கடிதம் தருவதாகவும் மனைவியை இப்போதே பெட்டி அடுக்கச் சொல்லும்படியும் இங்கிலீஷில் சொல்லிவிட்டு, தோட்டா எடுக்கத் தன் ட்ரக்கை நோக்கி நடந்தார்.

“என்னவாம் தம்பி? சிரிக்கிறார் மனுசன். சொல்லுமன்!”

“திங்கட்கிழமை கடிதம் தாறாராம்.”

“வேற என்னவோ சொன்னவர்.”

அந்த மிச்சத்தை என்னால் தமிழில் சொல்ல முடியவில்லை. விடிய வந்த செய்தியைத்தான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. காய்ச்சல் என்ற சொல்லை இரண்டு மூன்று தரம் சொன்னது மட்டும் தெரியும்.

அவர் வலையைப் பிடித்தபடி இருந்தார்.

“எப்ப கோல் வந்தது?”

“வெளிக்கிட முன்னம் அண்ணை.”

“நான் வழி முழுக்க அவளின்ரை கதைதான் கதைச்சுக்கொண்டு வந்தன். நீர் கேட்டுக்கொண்டு வந்தனீர்.”

காலடியில் கிடந்த வெறும் தோட்டாக் கூட்டைப் பொறுக்கினேன்.

“பிள்ளை?”

“பெரியம்மாவோட நிக்கிறாளாம். சுகமாம்.”

“அப்ப கடிதம் வேணும்” என்றார்.

எழுந்து வயலுக்குள் போனார். சுட்டு விழுந்த புறாவையும் பொம்மைகளோடு இருத்தி வைத்தால் மற்றவை நம்பி இறங்கும். அது அந்த வேலையில் வழக்கம். ஒன்றைக் கையில் எடுத்தார். விரிந்து கிடந்த சிறகுகளை மடக்கினார். இறகுகளை விரலால் தடவித் தடவிப் படிய வைத்தார். தலை தொங்கியது. ஒரு சுள்ளியை முறித்து அதன் நாடிக்குக் கீழே முட்டுக் கொடுத்து, காற்றுப் பக்கம் பார்க்க மண்ணில் இருத்தினார். பிறகு மற்றதை எடுக்கப் போனார்.