மடுவில் விழுந்த குத்து

மகளோடு பாறை பாறையாகத் தாண்டி வந்து, மலை இடுக்கில் அருவியின் இரைச்சலைக் கேட்டதும் என் நாக்கு உடைந்த பல்லைத் தேடிப் போனது.

ஒன்பது வயதில் இதே அருவியின் மடுவில் மூழ்கினேன். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டிய என் அப்பா, நைனா, குதித்துப் பிடித்தார். பயத்தில் அவர் கழுத்தை இறுக்கினேன். இருவரும் உள்ளே போனோம். கடலில் தத்தளிப்பவனின் பிடியை விடுவிக்கிற மாதிரியே என் வாயில் ஓங்கிக் குத்தினார். மோதிரம் பட்டுப் பல் உடைந்தது. கை தளர்ந்தவளை முடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார்.

பிள்ளையைக் கொல்கிறான் என்று கரையில் இருந்தவர்கள் அவரைக் கட்டையால் விளாசினார்கள். மண்டை பிளந்தும் அவர் என் முடியை விடவில்லை.

"கொயந்தைக்கு மூச்சு கீதா பாருங்கடா! அப்பால என்னிய அடிங்க!" என்று கத்தினார்.

"அம்மா, எறங்கட்டா?" என்றாள் இப்போது மடுவின் விளிம்பில் நின்ற என் மகள்.

"இரு" என்று சொல்லி, முதலில் என் மோதிரத்தைக் கழற்றினேன்.