தொட்டி வழியாத ஒரு வாரம்

கடலூரில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைப் பராமரிக்கும் பொறியாளராக வேலை பார்க்கிறேன். வார நாள்களில் அங்கேயே அறை எடுத்துத் தங்கல். சனிக்கிழமை காலை பஸ் பிடித்து சிதம்பரம் வந்துவிடுவேன். அம்மா இங்கே தனியாக இருக்கிறார். அவருக்கு முழங்கால் வலி அதிகமானபோது, அவரை நடக்கவைக்கும் வேலைகளையெல்லாம் போனில் பட்டியல் போட்டேன். மாடியில் துணி உலர்த்துவது: காயவைத்தே தரும் வாஷிங் மெஷின் வந்தது. காய்கறி வாங்குவது: போன் செய்தால் கடைக்காரரே சமையலறை வரை கொண்டுவந்து வைத்துவிடுவார். மிச்சம் இருந்தது தண்ணீர் மோட்டார்.

மோட்டார் சுவிட்ச் வாசல் சுவரில் இருந்தது. அதைப் போட்டுவிட்டு உள்ளே போனால் அம்மாவுக்கு மறந்துவிடும். மாடித் தொட்டி நிரம்பி வழிவது அடுப்படியில் கேட்காது. எங்கள் தெருவில் யார் வீட்டுத் தொட்டி வழிந்தாலும் பார்க்கிறவர் குரல் கொடுப்பார். எங்களுக்குக் குரல் கொடுப்பவர் எதிர் வீட்டு அத்தை. சொந்தமில்லை, ஆனால் சின்ன வயதிலிருந்தே அத்தை. "அக்கா, தண்ணி போவுது" என்று அவர் சொன்னதும் அம்மா ஓடிவந்து நிறுத்துவார். நிறுத்தியவர் உடனே உள்ளே திரும்பி நான் பார்த்ததில்லை. அரை மணி நேரம் பேச்சு ஓடும்.

போன வருடம் அத்தையின் மகன் வெளியூரிலிருந்து வந்து அவர் வீட்டு முகப்பில் காமிரா மாட்டிவிட்டுப் போனார். அதில் எங்கள் வாசலும் தெரிந்தது. எங்கள் வீட்டுக்கு யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று எதற்கு வேவு பார்க்க வேண்டும் என்று அம்மா தெருவில் நின்று கேட்டார். மகன் செய்ததற்குத் தன்னைக் கேட்டால் எப்படி என்றார் அத்தை. அன்றோடு பேச்சு நின்றது. பத்து நிமிட வேலை, காமிராவை நான் திருப்பியிருக்கலாம். பெரியவர்கள் சண்டை, தானாகத் தணியும் என்று இருந்துவிட்டேன்.

தண்ணீருக்குக் குரல் கொடுப்பது மட்டும் நிற்கவில்லை. 'அக்கா'வை விட்டுவிட்டு, யாருக்கோ சொல்வதுபோல "தண்ணி போவுது" என்பார் அத்தை. அம்மா வந்து, முகத்தைப் பார்க்காமல் நிறுத்திவிட்டுப் போவார். இரண்டு வீட்டுக்கும் இடையில் மிஞ்சியிருந்தது அவ்வளவுதான். அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு சனிக்கிழமை தொட்டிக்குள் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு மிதவைகளைத் தொங்கவிட்டு, மோட்டாரை ஒரு சின்னப் பெட்டியோடு இணைத்தேன். தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானே ஓடும்; நிரம்பினால் தானே நிற்கும். இரண்டு முறை ஓடவிட்டுச் சரிபார்த்தேன். சுத்தமான வேலை. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

அடுத்த சனிக்கிழமை நான் வந்து கேட்டைத் திறக்கும்போது பின்னாலிருந்து அத்தை கூப்பிட்டார். சண்டைக்குப் பிறகு என்னிடமும் அவர் பேசியதில்லை.

"பாப்பா, அக்காவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லயா?"

நன்றாகத்தானே இருக்கிறார் என்றேன். தினமும் போனில் பேசுகிறேனே.

"ஒரு வாரமா தொட்டி வழியல. மாடிக்கும் வரல. காமிராவுலகூடப் பாத்தேன், வாசல்ல கோலம் இருக்கு, ஆளக் காணும். வந்து கேக்கலாம்னா, அவுங்க வெரட்டிடுவாங்களோன்னு இருந்துச்சு."

மிதவையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஆக, எங்க வாசல அதுல பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்க."

"நீங்க மொகம் குடுத்து பேசுனா நான் எதுக்குக்கா அதுல பாக்கப் போறேன்? எங்க தொட்டி எத்தன நாளு ஊத்துச்சு, நீங்க வாயத் தொறந்தீங்களா? நான் ஒரு நாளாவது சொல்லாம இருந்தேனா?"

இருவருக்கும் நடுவே கையில் பையோடு நின்றேன். அம்மா வாசல் சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.

"வெயில்ல நின்னுக்கிட்டு என்ன பேச்சு. உள்ள வா."

காபி குடித்துக்கொண்டே அத்தை, கூடத்துச் சுவரில் நான் மாட்டியிருந்த மோட்டார் பெட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். விளக்கு ஏன் பச்சையாக எரிகிறது, மின்சாரம் போனால் என்ன ஆகும் என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் விளக்கம் சொன்னேன். தனக்கும் ஒன்று மாட்டித் தர முடியுமா என்றார். தாராளமாக, அடுத்த வாரமே என்று சொல்லி, வாங்க வேண்டிய சாமான்களைப் போனில் எழுத ஆரம்பித்தேன்.

"அவளுக்கு அதெல்லாம் வேணாம்," என்றார் அம்மா, டம்ளர்களை எடுத்துக்கொண்டே. "அவளுக்கு முட்டி நல்லாத்தான் இருக்கு. தண்ணி போனா நான் பாத்து சொல்றேன்."

எழுதியதை அழித்தேன்.