சாய்ந்தே கிடக்க வேண்டிய தராசு

அவரைத் தெருவே முள்ளுக்காரர் என்றுதான் கூப்பிடும். லேத்துப் பட்டறையில் முப்பது வருஷம் இரும்பு சீவியவர். ஓய்வு பெற்ற பிறகாவது இரும்பை விட்டாரா என்றால், அதுதான் இல்லை! முன்னறை முழுக்கப் பழைய இரும்புத் தராசுகள். காலையில் பல் தேய்த்த கையோடு ஒவ்வொன்றின் எதிரிலும் குனிந்து நிற்பார். வெறும் தட்டுகளோடு முள் நேராக நிற்க வேண்டும். மயிரிழை சாய்ந்தாலும் மனுஷனுக்குச் சோறு இறங்காது. ஏறிய தட்டில் ஈயத்துண்டு வைத்து நேராக்கிவிட்டுத்தான் மறுவேலை.

“என்னைக் கட்டிக்கிட்டதுக்குப் பேசாம ஒரு தராசைக் கட்டியிருக்கலாம் நீங்க,” என்பாள் மனைவி. வாய்தான் அப்படி. எண்ணெய்த் துணியைத் துவைத்துக் கொடுப்பவளும் அவளே.

பதினெட்டாவது தராசு, இடிக்கப்போகும் ஓர் ஆஸ்பத்திரியின் கிடங்கிலிருந்து வந்தது. ஆளுயரம். துருவைச் சுரண்டி, எண்ணெய் போட்டு, நேராக நிறுத்தினார். மறுநாள் இடத்தட்டு இறங்கியிருந்தது. அதில் தூசிகூட இல்லை. வலத்தட்டில் ஈயம் வைத்தார். அடுத்த நாளும் இறங்கியது. “என்கிட்டயேவா?” என்று வீம்பு பிடித்துத் தினமும் ஈயம் சேர்த்தார்.

இரண்டே மாதத்தில் மனைவியின் வளையல் முழங்கை வரை ஏறியது. டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டுக் கையை விரித்தார். “நோய்னு ஒண்ணும் தெரியல. ஆனா நாலு கிலோ முன்னூறு குறைஞ்சிருக்காங்க.”

வீட்டுக்கு வந்தவர் என்ன தோன்றியதோ, அந்த ஈயத்தையெல்லாம் வாரி இன்னொரு தராசில் போட்டார். நாலு கிலோ முன்னூறு.

ஈயத்தைத் திரும்ப வைக்கவில்லை. இடத்தட்டு தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. ஒரே மாதத்தில் மனைவிக்குப் பழைய சதை வந்துவிட்டது, ஐம்பத்திரண்டு கிலோ! அவளிடம் மூச்சுவிடவில்லை அவர். பாவம், பயந்துவிடுவாள். தராசை உடைக்கவும் துணிச்சல் இல்லை. உடைத்தால் அவளுக்கு என்ன ஆகுமோ! அதைக் கடக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒருநாள் கடைக்குப் போய்த் திரும்பினார். செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

“நீங்க மருகுறதைப் பார்க்கச் சகிக்கலைங்க. நானே நேராக்கிட்டேன். அடேயப்பா, கல்லு வைக்க வைக்க வாங்கிக்கிட்டே இருந்துச்சு!”

முள் நேராக நின்றது. வலத்தட்டில் எடைக்கற்கள். இருபது கிலோக் கல், இன்னொரு இருபது, ஒரு பத்து, ஒரு ரெண்டு.

“ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டே!” என்று அலறிக் கற்களைக் கீழே தள்ளினார். இரண்டு தட்டும் காலி. இடத்தட்டு இறங்கவில்லை. முள் நேராகவே நின்றது.

“ஏம்மா!” என்று சமையலறைக்கு ஓடினார். குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதன் எதிரே தரையில் அவளுடைய வளையல்கள் கிடந்தன.