மரத்துப்போன காலின் பக்தி

இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதியால் புண்ணான என் வலது கால் பெருவிரலை எடுத்துவிடலாமா என்று டாக்டர் யோசித்துக்கொண்டிருந்தபோது, என்னைக் கேட்காமலே என் மனைவி முருகனிடம் பேசி முடித்துவிட்டாள். விரல் தப்பித்தால், ஆயர் ஈத்தாமிலிருந்து குளுவாங் முருகன் கோயில்வரை நான் வெறுங்காலில் நடந்து வருவேனாம். விரல் தப்பித்தது. "இனிமே வீட்டுக்குள்ளகூட சிலிப்பர் இல்லாம நடக்காதீங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். காலைக் கொடுத்ததற்கு நன்றியாகக் காலையே கேட்கும் வேண்டுதல் எங்கள் வீட்டில்தான் கிடைக்கும்.

இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக நான் கண்டுபிடித்தது காலுறை. செனாய் ஃபேக்டரியில் ஜாகாவாகக் காவல் நிற்கும்போது நான் போடும் தடித்த ரகம். செருப்பும் இல்லை, வெறுங்காலும் இல்லை. ஆரம்பப் பள்ளியையே முடிக்காத மூளைக்கு இது பெரிய விஷயம்.

எங்கள் யாத்திரைக் குழுவின் தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் கோயில் கோயிலாக நடந்தே திரிந்த ஒரு துறவியின் அடிச்சுவட்டில்தான் நாங்கள் போகிறோம் என்பார். அந்தத் துறவி கடல் தாண்டி எங்கள் ஜொகூர் பக்கமே வந்ததில்லை என்பது அவருக்கு ஒரு பொருட்டில்லை.

"என்ன தம்பி, சாமியாரு சாக்ஸ் போட்டுக்கிட்டா நடந்தாரு?"

"சாமியாருக்கு இனிப்புநீர் இருந்துச்சா சார்?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வகுப்பில் மாட்டிக்கொண்டவன் மாதிரி காலுறையைக் கழற்றினேன்.

வெயில் ஏறியதும் தார்ரோடு தோசைக்கல்லாகிவிட்டது. "அலமாக், சுடுது லா!" என்று ஆளாளுக்குக் குதித்துக்கொண்டு செம்பனைத் தோட்டத்தோரப் புல்லுக்கு ஓடினார்கள். நான் மட்டும் தார்மேலேயே ஆடி அசைந்து போனேன்.

"பாருங்க, பக்தின்னா இதுதான்! ஒடம்பு நெனப்பே இல்ல. அந்தச் சாமியாரும் இப்படித்தான்" என்றார் தலைவர்.

ஓர் அக்கா என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு தலைமையாசிரியர் என்னைப் பாராட்டுகிறார். அதை நானே கெடுப்பேனா? கண்ணைப் பாதி மூடி, முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டேன்.

இனிப்புநீரில் மரத்துப்போன காலுக்குத் தாரும் ஒன்றுதான், புல்லும் ஒன்றுதான் என்பது அங்கே என் மனைவிக்கு மட்டுமே தெரியும். எனக்குப் பின்னால் வந்தவள் ரோட்டைப் பார்த்தாள். நான் கால் வைத்த இடமெல்லாம் சிவப்புப் பொட்டு.

"ஏங்க, நில்லுங்க! காலத் தூக்குங்க!"

பெருவிரலுக்குக் கீழே செம்பனை முள் புதைந்திருந்தது. எங்கிருந்து அதைச் சுமந்து வந்தேனோ!

அவள் அழவில்லை. குளுவாங் இருக்கும் திசையைப் பார்த்துத் திட்டினாள். "வெரலக் கேட்டேன், குடுத்த. இப்ப திருப்பிப் புடுங்கப் பாக்குறியா? மிச்சத்த நான் நடக்குறேன். இவர விட்டுரு."

"வேண்டுதல ஆள் மாத்தக் கூடாதும்மா" என்றார் தலைவர்.

"வேண்டிக்கிட்டது நானு சார். அத நானும் அவனும் பேசிக்கிறோம்."

குழுவுக்குத் தண்ணீர் கொண்டுவந்த வேனில் ஏற்றி என்னைக் குளுவாங் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். முள்ளை எடுத்துக் கழுவிக் கட்டுப்போட்ட டாக்டர், நல்லவேளை சீக்கிரம் வந்தீர்கள், விரலுக்கு ஆபத்தில்லை என்றார். பிறகு நிதானமாகத் திட்டினார்.

சாயங்காலம் கோயில் வாசலில் அவள் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"வெரலு?"

"இருக்கு."

"வழியில இன்னொன்னு வேண்டிக்கிட்டேன். புண்ணு ஆறுனா ஒங்களுக்கு மொட்ட."

"இப்ப தலையா?"

"அதுக்குள்ள ஒன்னுமில்ல, போனாலும் பரவால்ல லா."

குழாயடியில் உட்கார்ந்து, கொப்புளம் போட்ட பாதங்களைத் தண்ணீரில் காட்டினாள். "ஸ்ஸ்... எரியுதுங்க" என்றாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.